எப்பம் பாட ஆரம்பிப்பான்? தி க்யூரின் புது ஆல்பம்

பாளையங்கோட்டையில் நண்பன் வீட்டு மாடியில் நல்ல ஸ்பீக்கர் ஒரு ஜோடி இருக்கிறது. 2024 நவம்பர் முதல் வாரம், வெளியே மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம், அவனைப் பிடித்து உட்காரவைத்து தி க்யூரின் ‘சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்’ ஆல்பத்தின் முதல் பாட்டைப் போட்டேன். ஒரு நிமிஷம் போனது. ரெண்டு நிமிஷம் போனது. கீபோர்டு அலை அலையாக வந்துகொண்டே இருக்கிறது, டிரம்ஸ் தலைச்சுமைக்காரர் நடை மாதிரி ஒரே கதியில் விழுகிறது, பாடுகிறவரை மட்டும் காணோம். மூணாவது நிமிஷத்தில் நண்பனுக்குப் பொறுமை போய்விட்டது. “எப்பம்டே பாட ஆரம்பிப்பான்?” என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் பாடகர் ராபர்ட் ஸ்மித் திறந்துவிட்டார். இன்னும் ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு அடுத்த கேள்வி வந்தது: “இப்பம் பாடுதானா, அழுதானா?”

இந்த ரெண்டு கேள்விக்கும் அன்றைக்கு ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு இந்த ஆல்பத்தை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. இப்போது சொல்லிப் பார்க்கிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: தி க்யூர் இங்கிலாந்தில் கிராலி என்ற ஊரிலிருந்து 1970களின் கடைசியில் கிளம்பிவந்த ராக் இசைக்குழு. எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள். ஸ்மித் மட்டும் ஆரம்பத்திலிருந்து இன்றுவரை இருக்கிறார். கலைந்த காக்கைக்கூட்டுத் தலை, இழுகிப்போன உதட்டுச்சாயம், அந்த ஆள்தான். இது 14ஆவது ஸ்டுடியோ ஆல்பம். இதற்கு முந்தையது 2008இல் வந்த ‘4:13 டிரீம்’. நடுவே 16 வருஷம். அந்தப் பழைய ஆல்பத்தில் 13 பாட்டு, பெரும்பாலும் துள்ளலான கிட்டார் பாப். அப்போதே இருட்டான பாட்டுகளை எல்லாம் சேர்த்துத் தனி ஆல்பமாக விடுவோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார் ஸ்மித். வரவில்லை. நாங்களும் விட்டுவிட்டோம். 2022இல் மேடையில் புதுப் பாட்டுகளை வாசிக்க ஆரம்பித்தபோதுதான் ஏதோ நடக்கிறது என்று நம்பினோம். ஆல்பம் வந்து இறங்கியது 2024 நவம்பர் 1. எட்டே பாட்டு, 49 நிமிஷம். அதில் ஒன்றுகூட ஆடுவதற்கானது இல்லை. இங்கிலாந்து ஆல்பம் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. 1992இல் வந்த ‘விஷ்’ஷுக்கு அப்புறம் அவர்களுக்கு அது இப்போதுதான் கிடைக்கிறது.

இருட்டு இவர்களுக்குப் புதிதா என்றால், இல்லை. 1982இல் ‘போர்னோகிராஃபி’ என்று ஒரு ஆல்பம் போட்டார்கள். பேரைப் பார்த்து வீட்டில் ஒளித்துவைத்துக் கேட்க வேண்டியிருந்தது, ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் ஒரு 23 வயதுப் பையனின் வெறி. கதவை உடைக்கிற மாதிரியான இருட்டு. 1989இல் ‘டிசின்டகிரேஷன்’. ஸ்மித்துக்கு அப்போது முப்பது. அது அழகான இருட்டு. காதல், மழை, சிலந்தி, கண்ணீர் எல்லாம் உண்டு, கேட்கிறவனுக்குத் தான் ஏதோ பெரிய துயரக் கதாநாயகன் என்று தோன்றிவிடும்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தாராவியில் இருந்த அத்தான் 1998இல் ஊருக்கு வந்தபோது, அந்த ஆல்பத்தைப் பதிவுசெய்த கேசட் ஒன்றைக் கொண்டுவந்தார். திருநெல்வேலி ரெக்கார்டிங் கடைகளில் என்ன பாட்டு வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தால் சினிமாப் பாட்டைப் பதிந்து தருவார்கள், இங்கிலீஷ் என்றால் போனி எம்மோடு கதை முடிந்தது. அதனால் அந்தக் கேசட்டை டேப் தேயத் தேயக் கேட்டு, மே மாத வெயிலில் கறுப்புச் சட்டையோடு காலேஜுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஸ்ரீவைகுண்டத்தில் இருந்த ஆச்சி ஒருநாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “என்னல, சித்திரையிலயே ஐயப்பனுக்கு மாலை போட்டுட்டியா?” என்று கேட்டாள். என் இருட்டின் மரியாதை அவ்வளவுதான்.

இந்தப் புது ஆல்பத்தின் இருட்டு அந்த ரெண்டு மாதிரியும் இல்லை. 65 வயது மனிதரின் இருட்டு. இந்த இடைவெளியில் ஸ்மித்துக்கு அப்பா, அம்மா, அண்ணன் மூவரும் போய்விட்டார்கள். இருபது வயதில் சாவைப் பற்றிப் பாடுகிறவனுக்குச் சாவு ஒரு சொல். இங்கே அது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறது, பாட்டில் அலங்காரம் குறைந்துபோனதற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். எழுத்து அவ்வளவு நேராக இருக்கிறது. முதல் பாட்டு ‘அலோன்’, எர்னஸ்ட் டௌசன் என்ற 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞரின் ‘ட்ரெக்ஸ்’ கவிதையிலிருந்து பிறந்தது. ட்ரெக்ஸ் என்றால் அடிமண்டி, பானையில் கடைசியாகத் தங்குவது. அந்தப் பாட்டு கிடைத்த பிறகுதான் ஆல்பம் எப்படி இருக்க வேண்டும் என்று தனக்குப் பிடிபட்டது என்று ஸ்மித்தே சொல்லியிருக்கிறார். ஆரம்பத்திலேயே அடிமண்டியை எடுத்துக் காட்டிவிடுகிற ஆளிடம் மேற்கொண்டு என்ன கேட்பது?

சரி, நண்பனின் முதல் கேள்விக்கு வருகிறேன். ‘அலோன்’ 6 நிமிஷம் 48 விநாடி, அதில் குரல் வருவது பாதி தூரம் போனபிறகு. கடைசிப் பாட்டு ‘எண்ட்சாங்’ 10 நிமிஷம் 23 விநாடி, அங்கே குரல் வருவதற்கு ஆறு நிமிஷத்துக்கு மேல் ஆகிறது. இந்தக் காலத்தில் ஆறு விநாடியில் ஆளைப் பிடிக்காவிட்டால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள் என்று எல்லாரும் பல்லவியைத் தூக்கி முன்னால் வைக்கிறார்கள், இவர் என்னடா என்றால் நம்மைத் திண்ணையில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறார்.

ஆனால் எங்கள் பக்கத்தில் சுடலைமாடன் கோயில் திருவிழாவான கொடை பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதே இல்லை. கொடையில் நடக்கிற கணியான் கூத்தில், பாட்டை நடத்துகிற அண்ணாவி வந்தவுடனே பாடிவிடுவாரா? மகுடம் என்கிற தோல் வாத்தியத்தைத் தீயில் காட்டிக் காய்ச்சுவார்கள், தட்டிப் பார்ப்பார்கள், சரியில்லை என்று மறுபடி காய்ச்சுவார்கள், அப்புறம் ரெண்டு மகுடமும் சேர்ந்து முழங்க ஆரம்பித்து, அது நெஞ்சுக்கூட்டுக்குள் இறங்கி, பிள்ளைகள் எல்லாம் பயந்து ஆச்சி மடியில் ஒடுங்கின பிறகுதான் குரல். நடுராத்திரியில் நடக்கிற சாமக்கொடையில் இன்னும் மோசம். சாமியாடி மயானவேட்டைக்குக் கிளம்பிப் போய்விடுவார், யாரும் பின்னால் போகக் கூடாது, அவர் திரும்பி வருகிறவரைக்கும் கோயில் வாசலில் அத்தனை பேரும் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருப்போம். அந்த நேரத்தில் ஒன்றுமே நடக்காது. கொடையில் எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருப்பது அந்த ஒன்றும் நடக்காத நேரம் மட்டும்தான்.

ஸ்மித் செய்வதும் இதைத்தான். இந்த ஆல்பம் இருட்டாக இருப்பதற்குக் காரணம் கிட்டார் உறுமுவதோ டிரம்ஸ் இடிப்பதோ இல்லை, காத்திருக்க வைப்பது. ஜேசன் கூப்பர் டிரம்ஸில் ஒரு வேலைப்பாடும் காட்டாமல் ஒரே அடியை அடித்துக்கொண்டிருக்கிறார், சைமன் கேலப்பின் பேஸ் கிட்டார் தரையோடு தரையாக உரசிக்கொண்டு போகிறது, ரோஜர் ஓ'டொன்னலின் கீபோர்டு மேலே மூட்டம் போடுகிறது, ரீவ்ஸ் கேப்ரல்ஸின் கிட்டார் எப்போதாவது அந்த மூட்டத்தைக் கிழிக்கிறது. (கேப்ரல்ஸ் முன்பு டேவிட் போவியோடு வாசித்தவர், இந்தக் குழுவுக்கு வந்தது 2012இல். அவர் இருக்கிற முதல் ஸ்டுடியோ ஆல்பமே இதுதான் என்பது எனக்கே ஆச்சரியம்.) இப்படி ஒரு வெளியைக் கட்டி, அதில் நம்மை நிறுத்தி, நம்முடைய சொந்த ஞாபகங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்த பிறகு அந்தக் குரல் வருகிறது. குரலைப் பற்றி ஒரு வார்த்தை: 65 வயதில் அது எப்படித் துருப்பிடிக்காமல் இருக்கிறது என்று தெரியவில்லை. 1989 ஆல்பத்தில் கேட்ட அதே குரல், அதே விளிம்பில் விசும்பல். பாடுதானா அழுதானா என்றால், மக்கா, ரெண்டுக்கும் நடுவே ஒரு இடம் இருக்கிறது, ஒப்பாரி வைக்கிற ஆச்சிமார்களுக்கு அந்த இடம் தெரியும்.

ரெண்டாவது பாட்டு ‘அண்ட் நத்திங் இஸ் ஃபாரெவர்’. இதைப் பற்றி எழுதாமல் தாண்டிப் போய்விடலாமா என்று யோசித்தேன். சாகப்போகிற ஒருவரிடம், உன் கடைசி நேரத்தில் பக்கத்தில் இருப்பேன் என்று வாக்குக் கொடுத்து, தன் கையில் இல்லாத காரணங்களால் அதைக் காப்பாற்ற முடியாமல் போனதைப் பற்றிய பாட்டு இது என்று ஸ்மித் சொல்லியிருக்கிறார். பியானோவும் வயலின் கூட்டமும் போல ஒரு ஆரம்பம், முதலில் கேட்கும்போது கல்யாண மண்டபத்துக்கு ஆகும்போல என்றுகூடத் தோன்றும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி தன் பழைய பாதையெல்லாம் ஞாபகம் வந்த மாதிரி ஊருக்குள் நடந்தது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் நூற்றுக்கணக்கான பேரோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. அதே ஸ்ரீவைகுண்டத்தில் மாமா வீட்டில் ஆச்சி படுத்த படுக்கையாகக் கிடந்தாள். அதற்கு முந்தைய வாரம் பார்க்கப் போனபோது, “பால் ஊத்த நீ வந்துருவல்லா?” என்று கேட்டாள், நானும் “வந்துருவேன் ஆச்சி, எங்க போவப்போறேன்” என்றேன். பாளையங்கோட்டையிலிருந்து முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. ரோடு இல்லை, கரண்டு இல்லை, போன் இல்லை. ஆச்சி போன தகவலே எனக்கு ரெண்டு நாள் கழித்துத்தான் வந்தது. யாரையும் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. இந்தப் பாட்டும் யாரையும் குறை சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை; உலகம் முடிந்தாலும் நீ பக்கத்தில் இருந்தால் போதும் என்று போகிறவர் பக்கத்திலிருந்து பேசுகிறது, அவ்வளவுதான். முதல் தடவை பாதியில் நிறுத்திவிட்டேன். இப்போது முழுசாகக் கேட்க முடிகிறது.

அண்ணனைப் பற்றிய பாட்டு ‘ஐ கேன் நெவர் சே குட்பை’. இடிச் சத்தத்தோடு ஆரம்பிக்கிறது, அப்புறம் குழந்தை வாசிப்பது போல எளிமையான ஒரு பியானோ வரி, அது திரும்பத் திரும்ப வருகிறது. இதில் ஒரு பெரிய உவமையும் கிடையாது. ராத்திரி, மழை, ஏதோ கெட்டது வருகிறது, அண்ணனைத் தூக்கிக்கொண்டு போகிறது. எங்கள் ஊரில் துட்டி வீட்டுக்குப் போனால் பத்து பேர் பத்து விதமாகத் தேற்றுவார்கள், நிஜமாகவே இழந்தவர் மட்டும் “ராத்திரி சாப்பிட்டான், படுத்தான்” என்று நடந்ததை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருப்பார், வேறொன்றும் சொல்ல வராது. இந்தப் பாட்டு அந்தக் குரலில் இருக்கிறது. ஆல்பத்திலேயே சிறந்தது எது என்று கேட்டால் நான் இதையும் சொல்வேன், கடைசிப் பாட்டையும் சொல்வேன், நாளைப் பொறுத்து.

‘எ ஃப்ரஜைல் திங்’ ரேடியோவில் போடக்கூடிய ஒரே பாட்டு. பேஸ்தான் வண்டியை இழுக்கிறது, பல்லவி நாக்கில் ஒட்டிக்கொள்ளும். ‘வார்சாங்’ ஆர்மோனியத் துருத்தியை யாரோ கோபத்தோடு அமுக்குவது போன்ற ரீங்காரத்தில் ஆரம்பித்து, ஒருவரையொருவர் புண்படுத்தாமல் இருக்கத் தெரியாத ரெண்டு பேரைப் பற்றிப் பேசுகிறது. 4 நிமிஷம் 17 விநாடிதான், சூடு பிடிக்கும்போது முடிந்துவிடுகிறது.

குறைகளும் இருக்கின்றன. முதல் குறை ஒலி. எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்குத் தூக்கி வைத்துவிட்டார்கள். கிட்டார், கீபோர்டு, டிரம்ஸ் எல்லாம் டவுன் ரத வீதியில் தேரோட்டத்தன்று நிற்கிற கூட்டம் மாதிரி ஒன்றன் தோளில் ஒன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன, மூச்சு விட இடமில்லை. இவ்வளவு பொறுமையான இசைக்கு இவ்வளவு நெரிசலான கலவை தேவையா? ‘டிசின்டகிரேஷ’னில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் நடுவே ஆள் நடந்துபோகலாம். தயாரிப்பு ஸ்மித்தும் பால் கார்கெட்டும். அவர்கள் வேண்டும் என்றேதான் இப்படிச் செய்திருப்பார்கள், இருந்தாலும் ஹெட்போனில் கேட்டால் இருபதாவது நிமிஷத்தில் காது களைத்துப்போகிறது.

ரெண்டாவது குறை ‘ட்ரோன்:நோட்ரோன்’. தன் வீட்டுக்கு மேலே ஒரு ட்ரோன் பறந்து வந்து எட்டிப் பார்த்ததில் எரிச்சலாகி எழுதிய பாட்டாம். கேப்ரல்ஸ் கிட்டார் ஒலியை ‘வா வா’ என்று நெளியவைக்கிற வா பெடலை மிதித்துத் தள்ளுகிறார், ஸ்மித் கத்துகிறார். நியாயமான கோபம்தான், எங்கள் தெருவில் கல்யாண வீட்டு ட்ரோன் மொட்டைமாடி வடகத்துக்கு மேலே வந்து நின்றபோது நானும் கம்பைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறேன். ஆனால் துட்டி வீட்டுக்கு நடுவே வந்து பக்கத்து வீட்டுக்காரன் மேல் புகார் சொல்கிற மாதிரி இருக்கிறது, அதுவும் அண்ணன் பாட்டுக்கு நேர் முன்னால். ஆறாவது தடவைக்கு அப்புறம் நான் இதைத் தாண்டிவிடுகிறேன். ‘ஆல் ஐ எவர் ஆம்’ பரவாயில்லை. நல்ல டிரம்ஸ், ஞாபகத்தில் நிற்காத மெட்டு.

அப்புறம், இது எல்லாருக்கும் எல்லா நேரத்துக்குமான ஆல்பம் இல்லை. மனசு ஏற்கெனவே கீழே கிடக்கிற நாளில் தனியாகக் கேட்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். ‘ஃப்ரைடே ஐ'ம் இன் லவ்’ என்கிற அவர்களுடைய குஷியான பழைய பாட்டு ஒன்றை மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டு வருகிறவர்களுக்குப் பெரிய ஏமாற்றம். ஆனால் பழைய புகழை வைத்துக்கொண்டு பழைய பாட்டையே திருப்பிப் போட்டுக் காசு பார்க்கிற வயதில், இந்த மனுஷன் தன் வீட்டுச் சாவைக் கொண்டுவந்து நடுக்கூடத்தில் வைத்திருக்கிறார். ரசிகர்களிடம் காசு பிடுங்குகிற ஆளும் இல்லை. 2023இல் அமெரிக்கப் பயணத்தின்போது 20 டாலர் டிக்கெட்டுக்கு அதை விற்ற நிறுவனம் அதைவிடக் கூடுதலாகச் சேவைக் கட்டணம் போட்டதைப் பார்த்துக் கொதித்து, சண்டை போட்டு, கொஞ்சமாவது திருப்பிக் கொடுக்கவைத்தார்.

2025 ஜூனில் இதே பாட்டுகளை மற்றவர்களைக் கொண்டு மாற்றிப் போட்டு ‘மிக்ஸஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்’ என்று விட்டார்கள். 24 ரீமிக்ஸ். ஒரு தடவை கேட்டேன். சில இடங்களில் பீட் நன்றாகத்தான் இருக்கிறது, கிளப்புக்கு ஆகும். சாமக்கொடைக்கு நடுவே யாரோ டியூப்லைட்டைப் போட்டுவிட்ட மாதிரி இருந்தது. திரும்பக் கேட்கவில்லை.

எப்படிக் கேட்பது என்று கேட்பவர்களுக்கு: போன் ஸ்பீக்கரில் தயவுசெய்து வேண்டாம், பேஸ் மொத்தமும் போய்விடும். பாட்டுகளை மாற்றி மாற்றிப் போடவும் வேண்டாம், வரிசை முக்கியம். நான் கேட்டதிலேயே நன்றாக அமைந்தது ஒரு பஸ் பயணம். திருநெல்வேலி புது பஸ் ஸ்டாண்டில் ராத்திரி பத்து மணி வாக்கில் நாகர்கோவில் வண்டி ஏறி, ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து, நாங்குநேரி தாண்டி நிதானமாக ஆரம்பித்தேன். வள்ளியூர் பஸ் ஸ்டாண்டுக்குள் போய் வண்டி நின்றபோது அண்ணன் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வெளியே ஒருவர் வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டிருந்தார், அவர் வாய் அசைவதுதான் தெரிந்தது. பணகுடி தாண்டியதும் ‘எண்ட்சாங்’. ரெண்டு பக்கமும் காற்றாலைகள், ஆள் தெரியாத இருட்டில் உச்சியில் உள்ள சிவப்பு விளக்குகள் மட்டும் மினுங்கி மினுங்கி அணைகின்றன. டிரம்ஸ் அதே கதியில் உருண்டுகொண்டே வருகிறது. குரல் இல்லை. ஸ்மித்துக்கு இது 1969இல் அப்பாவோடு வெளியே நின்று, மனிதன் கால்வைத்த நிலாவைப் பார்த்த ராத்திரியின் ஞாபகம். இப்போது அதே மாதிரி இருட்டில் தனியாக நின்று, சிவந்துபோன நிலாவைப் பார்த்துக்கொண்டு, அந்தப் பையன் எங்கே போனான், அவன் நினைத்த உலகம் எங்கே போனது என்று கேட்கிறார். காவல்கிணறு விலக்கு நெருங்கும்போது குரல் வந்தது. கேப்ரல்ஸின் கிட்டார் கூடவே சேர்ந்து அலறி, கடைசியில் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்கிற சொல்லில் வந்து நின்று, எல்லாம் அப்படியே அணைந்துபோனது.

ரெண்டு விநாடி அமைதி. நான் இன்னும் அந்தச் சிவப்பு விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதற்குள் ஆப் தானாகவே அடுத்த பாட்டைப் போட்டுவிட்டது: ‘ஃப்ரைடே ஐ'ம் இன் லவ்’. பக்கத்து சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த பெரியவர் விழித்துப் பார்க்கிற அளவுக்குச் சிரித்துவிட்டேன். கேட்கப்போகிறவர்கள் அந்த ஆட்டோபிளேயை மட்டும் முதலிலேயே அணைத்துவிடுங்கள்.